கேட்டை இன்னும் அரை மணி நேரம் திறந்து வைங்க சிஸ்டர்

செயலர் சிஸ்டர், பிரின்சிபல் சிஸ்டர், நிர்வாகக் குழுவுல இருக்கற எல்லாருக்கும் பழைய மாணவி ஒருத்தியோட வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதனால சுருக்கமா சொல்றேன். கும்மிடிப்பூண்டி லைன்ல எக்ஸ்பிரஸுக்கு வழி விடறேன்னு எலக்ட்ரிக் ட்ரெயினை அத்திப்பட்டுகிட்ட போட்டுட்டாங்க, அது ஒண்ணும் புதுசு இல்ல, அந்த லைன்ல வர்றவங்களுக்கு அது வாரத்துல பாதி நாள் நடக்கறது. அதுல வந்த நம்ம காலேஜ் பொண்ணுங்க, எங்க அக்கா பொண்ணும் அதுல ஒருத்தி, பீச் ஸ்டேஷன்ல இறங்கி ஓடி, பறக்கும் ரயில் பிடிச்சு, திருமயிலையில இறங்கி மெட்ரோ வேலைக்காக அடைச்சு வெச்ச ரோட்டைச் சுத்தி நடந்து வந்து சேர்றப்போ மணி 8.40. கேட் 8.30க்கு மூடியாச்சு. வாட்ச்மேன் அண்ணா பாவம், ஆர்டர்மா, நான் என்ன பண்றதுன்னு கையைப் பிசைஞ்சுட்டு நின்னாராம். அதுவரைக்கும் கூட சரி. 9 மணிக்கு மீஞ்சூர்ல இருக்கற எங்க அக்கா ஃபோனுக்கு மெசேஜ் வருது, உங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வருகை தரவில்லைன்னு.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா படிங்க சிஸ்டர். காலையில 6 மணிக்கு டிபன் பாக்ஸ் கையில குடுத்து அனுப்பின பொண்ணு. 9 மணிக்கு காலேஜ்ல இல்லைன்னு காலேஜே சொல்லுது. ஃபோன் பண்ணா ஸ்விட்ச் ஆஃப், ஏன்னா கேம்பஸுக்குள்ள ஃபோன் ஆன்ல இருந்தா பறிமுதல்னு நீங்கதான் ரூல் வெச்சிருக்கீங்க, எப்ப வேணா கேட்டைத் திறப்பாங்கன்னு அது ஆஃப் பண்ணி பையில வெச்சுட்டு நின்னிருக்கு. ஆபீஸ் லேண்ட்லைனுக்கு அடிச்சா எடுக்க ஆள் இல்ல. அவ அப்பா, எங்க மாமா, மணலியில ஒரு கம்பெனியில வெல்டர், பாதி ஷிஃப்ட்ல லீவு சொல்லிட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனா இறங்கித் தேடிட்டு வந்திருக்காரு. அந்தப் பொண்ணு கேட்டுக்கு வெளிய 3 அடி தள்ளி நின்னுட்டு இருக்கு. உங்க சாஃப்ட்வேருக்கு கேட்டுக்கு வெளிய நிக்கறதும் காணாம போறதும் ஒண்ணுதான் போல.

சாயங்காலம் வீட்டுல என்ன பேச்சு நடந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ட்ரெயின் லேட்டுன்னு அவ சொல்றா, காலேஜ் மெசேஜ் வரலைன்னு சொல்லுது, அப்பா எதை நம்புவாரு? போதும் படிச்சது, வீட்டுல இருன்னு சொல்லிட்டாரு. அவரைச் சமாதானப்படுத்த நானும் அக்காவும் பட்ட பாடு பெரும்பாடு. அவ திரும்ப வந்துட்டா, ஆனா அன்னைக்கு அவகூட நின்ன மத்த பொண்ணுங்க வீட்டுல சமாதானம் பேச ஒரு சித்தி இருந்திருப்பாளான்னு எனக்குத் தெரியல.

நான் முக்கியமா கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கேட்டை 9 மணி வரைக்கும் திறந்து வைங்க. லேட்டா வந்தா முதல் ஹவர் ஆப்சென்ட் போடுங்க, லைப்ரரியில உக்கார வைங்க, பேரு எழுதி வாங்கிக்கோங்க, அதை யாரும் தப்புன்னு சொல்லல. உள்ள விடுங்க, அவ்வளவுதான்.

டிசிப்ளின் போயிடும்னு சொல்லுவீங்க. நம்ம காலேஜ் இப்படி இருந்த இடம் இல்ல சிஸ்டர், அதை 40வது வருஷ ரூபி ஜூபிலி மலருக்கு பழைய ஃபைல் எல்லாம் தேடிட்டு இருக்கற உங்களுக்கே நல்லாத் தெரியும். 1925ல ஃபாதர் பெர்ட்ராம் ஆரம்பிச்ச லயோலா மாதிரி இது பெரிய நிலத்துல ஆரம்பிச்ச காலேஜ் இல்ல. ஸ்டெல்லா மாரிஸ் கூட 1947 ஆகஸ்ட் 15ல சாந்தோம்ல 32 பொண்ணுங்களோடதான் ஆரம்பிச்சுது, அப்புறம் கதீட்ரல் ரோட்டுக்குப் போய் எப்படி வளர்ந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். நம்மளுது அந்த வரிசையிலயும் வராது. 1978ல பிளஸ் டூ வந்துச்சு, சர்ச்சோட பங்கு ஸ்கூல்ல ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணுங்களுக்கு பெரிய காலேஜ்ல சீட்டு கிடைக்கல, கிடைச்சாலும் வீட்டுல அனுப்பல, அப்போ ஸ்கூலுக்குப் பின்னாடி இருந்த ரெண்டு ரூமையும் ஒரு ஷெட்டையும் வெச்சு அந்தக் காலத்து சிஸ்டர்ஸ் ஆரம்பிச்சது இது. ஹாஸ்டல் அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. முதல் பேட்ச்ல இருந்து இந்த வருஷ பேட்ச் வரைக்கும் அத்தனை பேரும் டே ஸ்காலர். பஸ்லயும் ட்ரெயின்லயும் வர்றவளுக்காகவே இருக்கற காலேஜ் இது.

நான் படிச்சப்போ முதல் பெல் 9.40. எங்க பெரிய சிஸ்டர் அதை ட்ரெயின் டைம் பார்த்துதான் வெச்சாங்கன்னு எங்க மேடம் சொல்லி நானே கேட்டிருக்கேன். அந்த 9.40 எப்போ 8.30 ஆச்சு? சுயநிதி கோர்ஸ் வந்தப்போ. காலையில எய்டட் ஷிஃப்ட், மத்தியானம் செல்ஃப் ஃபைனான்ஸ் ஷிஃப்ட், அதே கிளாஸ் ரூம், அதே பெஞ்சு. ரெண்டாவது ஷிஃப்ட் 1.30க்கு ஆரம்பிக்கணும்னா முதல் ஷிஃப்டை விடியறப்பவே ஆரம்பிக்கணும். பி.சி.ஏ. வந்துச்சு, விஸ்காம் வந்துச்சு, புது பிளாக் வந்துச்சு, ஏசி ஆடிட்டோரியம் வந்துச்சு, நல்லது, சந்தோஷம், நானும் ஓல்ட் ஸ்டூடன்ட்ஸ் சார்பா பணம் குடுத்திருக்கேன். ஆனா அந்த வளர்ச்சிக்கு முதல் தவணை கட்டினது காலையில 4.30க்கு எந்திரிக்கற பொண்ணுங்கதான். எய்டட் சீட்டுல படிக்கறவ அவ, அதாவது அவளுக்குப் பாடம் எடுக்கற டீச்சருக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது. அவளையே வெளிய நிறுத்தறீங்க.

இன்னொண்ணு, ஆரம்பத்துல பக்கத்துல இருந்துதான் நிறைய பேர் நடந்தே வந்தாங்க. ஆத்தோரமும் கூவத்தோரமும் இருந்த குடும்பங்களைக் கிளப்பி கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு கொண்டு போய் விட்டாங்க, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இன்னும் நிறைய. அம்மாங்க வீட்டு வேலைக்கு இன்னும் இந்தப் பக்கம்தான் வர்றாங்க, பொண்ணுங்க இன்னும் இந்தக் காலேஜுக்குத்தான் வர்றாங்க. முன்னாடி 10 நிமிஷம் நடந்து வந்தவ இப்போ ஓ.எம்.ஆர். ட்ராஃபிக்ல மணிக்கணக்கா நிக்கறா. அவ வீடு மாறினது அவ முடிவு இல்ல. லேடீஸுக்கு ஃப்ரீங்கற வெள்ளை போர்டு பஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கறதும் ஆசைக்கு இல்ல. டீலக்ஸ்லயோ ஏசியிலயோ ஏறி சீக்கிரம் வரலாமேன்னு ஒரு மேடம் கேட்டாங்களாம். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருதேன்னு வேற சொன்னாங்களாம். அந்த 1000 ரூபாயில உங்க லேட் ஃபைன், ரெக்கார்டு நோட்டு, ஜூபிலி புடவை எல்லாம் போக பஸ்ஸுக்கு என்ன மிஞ்சும்னு அந்த மேடமே ஒரு கணக்கு போட்டுக் காட்டட்டும்.

அப்புறம் சொல்லக் கூச்சமான விஷயம், ஆனா நீங்களும் பொம்பளைங்கதான். காலையில கிளம்பற இந்தப் பொண்ணுங்க தண்ணியே குடிக்கறதில்ல. ஸ்டேஷன் பாத்ரூம் பூட்டிக் கிடக்கும், இல்லன்னா உள்ள போக முடியாது. காலேஜுக்குப் போய்ப் பாத்துக்கலாம்னுதான் வருதுங்க. கேட் மூடிட்டா, 10.30 இன்டர்வெல்ல திறக்கற வரைக்கும் ரோட்டுல. பீரியட்ஸ் நாள்ல யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு ஒரு பொண்ணு எதிர்ல இருக்கற டீக்கடை அக்காகிட்ட கெஞ்சி அவங்க வீட்டுக்குள்ள போயிட்டு வந்திருக்கா. டீக்கடை அக்கா திறந்த கதவை நாம திறக்கல.

ரயில்வேயைக் கேளுங்கன்னு நீங்க சொல்லலாம். கேட்டோம். 2023 ஆகஸ்ட்ல நாலாவது லைன் போடறோம்னு பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல பறக்கும் ரயிலை நிறுத்தினாங்க, 2024 அக்டோபர் கடைசியிலதான் திரும்ப விட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல வடசென்னைப் பொண்ணுங்க பஸ் மாறி பஸ் மாறி வந்தாங்க, அப்பவும் 8.30க்கு மூடினீங்க. ரயில்வேக்காரன் மனசு வெச்சு லைனை முடிச்சான், மெட்ரோக்காரன் இன்னும் தோண்டிட்டே இருக்கான், கார்ப்பரேஷன் அவன் பங்குக்கு மழைநீர் வடிகால்னு ஒரு பக்கம் தோண்டறான். இந்த ஊர்ல நேரத்துக்கு வந்து சேர்றதே ஒரு டிகிரி, அதுக்கும் கான்வொகேஷன் வெச்சா நம்ம பொண்ணுங்க எல்லாம் கோல்டு மெடலிஸ்ட்.

ஆனா காலேஜுக்கு கிரேடு போடற நாக் டீம் வந்த அன்னைக்கு அவங்க கார் ட்ராஃபிக்ல மாட்டி லேட்டா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? கேட் விரியத் திறந்து கெடந்துச்சு. வெயில்ல ரெண்டு வரிசையா பொண்ணுங்களைப் பூத்தட்டோட நிக்க வெச்சிருந்தீங்க. அவங்களுக்கு யாரும் ஆப்சென்ட் போடல. அந்த ரிப்போர்ட்ல முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்லூரின்னு எழுதிக் குடுத்ததும் நாமதான். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பத்தி 1990ல இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் வெளியிட்ட ஆவணத்தை, படிப்பு இதுவரைக்கும் எட்டாத ஏழைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் அது கிடைக்கற மாதிரி பண்ணணும்னு சொல்ற அதே ஆவணத்தை, ஒவ்வொரு காலேஜ் டேயிலயும் ஸ்பீச்ல இழுக்கறீங்க. நான் உங்க மதத்துக்காரி இல்ல, வியாசர்பாடியில இருந்து வந்து உங்ககிட்ட படிச்சவ, எங்க வீட்டுல முதல் டிகிரி என்னுது. அந்த வரியை நான் நம்பறேன், அதனாலதான் இவ்வளவு கோவம் வருது.

சரி, கோவத்தை விட்டுடறேன், மரியாதையாவே கேக்கறேன். செலவு வைக்கற விஷயம் எதையும் நான் கேக்கல. ஷிஃப்டை மாத்துங்கன்னு கேக்கல, பழைய 9.40ஐத் திருப்பிக் குடுங்கன்னு கூடக் கேக்கல, அது நடக்காதுன்னு எனக்கும் தெரியும். கேட்டை 9 மணி வரைக்கும் திறந்து வைங்க. 9 மணிக்குப் போற மெசேஜை 10 மணிக்குத் தள்ளி வைங்க, அதுக்குள்ள யாரு வந்தா யாரு வரலன்னு உறுதி ஆயிடும், அந்த நேரத்துல ஆபீஸ் ஃபோனை எடுக்க ஒரு ஆள் போடுங்க. முதல் ஹவர் லேட்டுக்கு அந்த ஹவரை மட்டும் கழிங்க, நாள் முழுசையும் ஆப்சென்ட் ஆக்காதீங்க. 75 சதவீதம் அட்டென்டன்ஸ் இல்லன்னா, குறைவை மன்னிச்சு பரீட்சை எழுத விடறதுக்கு வாங்கற காண்டொனேஷன் ஃபீஸ் யாரு கட்டறான்னு உங்களுக்கே தெரியும், மணலி வெல்டர்தான் கட்டறாரு.

வர்ற சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்கு. ஃபோட்டோ எடுத்து, ஜூபிலி டொனேஷன் கூப்பன் குடுத்து அனுப்பிடாம, அன்னைக்கே இதுக்கு ஒரு சர்குலர் படிச்சீங்கன்னா திங்கட்கிழமையில இருந்தே நடைமுறைக்கு வந்துடும். எங்க அக்கா லீவு போட்டுட்டு வர்றாங்க, நானும் வர்றேன். ஆடிட்டோரியத்துல நேரம் இல்லைன்னா சிஸ்டர் ரூம்ல 5 நிமிஷம் குடுத்தா போதும், தயவு செஞ்சு.

நன்றியோடு,
பி.காம். பழைய மாணவி, முதல் ஷிஃப்ட்