நம் சட்டைகளை வாங்குபவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்காக நாம் தைக்கிற சட்டைகளைப் பற்றிச் சில வாரங்களாக ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. "புற்றுநோயைக் காட்டி அனுதாபத்தில் துணி விற்கிறார், சாதாரணப் பருத்திச் சட்டைக்கு எதற்கு இந்த விலை?" என்று. உங்களில் சிலரே அதை எனக்கு அனுப்பி, பதில் சொல்லுங்கள் என்றீர்கள். விலையைக் கேட்பது நியாயம். அனுதாபம் என்றதுதான் வலிக்கிறது.

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததும் மீண்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்தச் சிகிச்சை நடக்கும்போது உடம்புக்கு என்ன உடுப்பு ஒத்துக்கொள்ளும் என்பதை மட்டும் சொல்கிறேன். மார்பில் அறுவை செய்த பிறகு கொஞ்ச நாளைக்குக் கையை மேலே தூக்குவது கஷ்டம். தலைவழியாகப் போடுகிற எதுவும் உதவாது. கீமோ ஏற்றுவதற்குப் பலருக்குக் காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், மருந்து ஏற்றும் சின்னக் கருவியான போர்ட் வைப்பார்கள். அதற்காக ஒவ்வொரு முறையும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டாம் என்றுதான் அந்த இடத்தில் மட்டும் திறக்கிற மடிப்பு வைத்தோம். சில கீமோ மருந்துகளால் விரல்நுனி மரத்துப்போகும், சின்னப் பொத்தான் பிடிபடாது. அதனால் அழுத்தினால் மூடிக்கொள்ளும் பொத்தான். காந்தம் வைத்தால் இன்னும் சுலபமாயிற்றே என்று கேட்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்தத்தை அதிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். நம் சட்டை யார் மேல் ஏறும் என்று நமக்குத் தெரியாதே. அதனால் வைக்கவில்லை.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். அதற்காகக் கை முழுக்கத் தளர்வு, மணிக்கட்டில் எலாஸ்டிக் கிடையாது. சட்டையை ஒருமுறை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கழுத்தில் லேபிள் இருக்காது, அளவைத் துணியிலேயே அச்சிட்டிருப்போம். விரலை ஓட்டினால் தையல் மேடு தட்டுப்படாது. கதிர்வீச்சு வாங்கிய தோலில் ஒரு நூல்முனை உரசினாலும் எரியும். துணி ஓரத்தைச் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் இயந்திரத்தில் ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மேடு நிற்கும். அதனால் இரண்டு துண்டையும் தட்டையாக இணைக்கிற பிளாட்லாக்கில்தான் தைக்கிறோம். அதைப் பழகிய தையல்காரர்கள் குறைவு, கூலியும் அதிகம்.

அப்புறம், சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நாம் இலவசமாகக் கொடுக்கிற சட்டைகள். அதற்குப் படம் எங்கே, ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். முடியெல்லாம் கொட்டிக் கிடந்த நேரத்தில் யாராவது என் கையில் ஒரு சட்டையைக் கொடுத்துப் படம் எடுத்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன். யாரையும் அப்படி நிறுத்திப் படம் எடுக்க மாட்டேன். இந்த விஷயத்தில் என்ன பேசினாலும் சரி.

அம்மாவுக்கு, அக்காவுக்கு என்று வாங்கியவர்கள், சிகிச்சை முடிந்த பிறகும் இதுதான் வசதி என்று திரும்ப வாங்கியவர்கள், "கைப்பட்டையை இன்னும் ஒரு விரல் அகலம் வையுங்கள்" என்று அளவெடுத்து எழுதியவர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த அகலம் இப்போது எல்லா அளவிலும் வந்துவிட்டது.

அடுத்த மாதம் முதல் விலை கொஞ்சம் கூடுகிறது. ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்