அந்த லோன் கன்சாலிடேஷன் இங்க செல்லாதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்துல சாட்ஸ்வர்த்துல இருக்கேன். ஸ்டூடண்ட் லோன் எல்லாத்தையும் கன்சாலிடேஷன்னு ஒரே லோனா சேர்த்துடலாம்னு போன வாரம் நீங்க போட்ட செய்திய கத்தரிச்சு எடுத்துக்கிட்டு எங்க அக்கா என் வீட்டுக்கே வந்துட்டாங்க, கூடவே ஒரு பிஸ்கட் டின், உள்ள மக பேருல வந்த பேங்க் ஸ்டேட்மெண்ட், துணிக்கடை அக்கவுண்ட் பில்லு எல்லாம் நாலா மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்காங்க. பொண்ணு படிச்சு முடிச்சு ஒரு வருஷமா வேலை இல்ல, லோனுக்கு சூரிட்டி கையெழுத்து போட்டது அக்காதான்.

அந்த செய்தி அமெரிக்கா விஷயம் ஐயா. அங்க கவர்மெண்ட் குடுத்த ஃபெடரல் லோனை மட்டும்தான் அப்படி சேர்ப்பாங்க, கிரெடிட் செக் கிடையாது, பழைய வட்டிகளுக்கு சராசரி எடுத்து கொஞ்சம் மேல ரவுண்ட் பண்ணுவாங்க, பிரைவேட் பேங்க் லோன் அதுல சேராது. பெத்தவங்க பேருல வாங்கின லோனையும் புள்ள பேருல இருக்கறதையும்கூட ஒண்ணா சேர்க்க முடியாது.

இங்க கன்சாலிடேஷன்னா பேங்க்ல புதுசா இன்னொரு கடன் வாங்குறதுதான். அதனால வருமானம், செலவு, கிரெடிட் ரெக்கார்டு எல்லாம் பார்த்துட்டுதான் குடுக்கணும்னு இங்கத்த கடன் சட்டமான நேஷனல் கிரெடிட் ஆக்ட்லயே இருக்கு, பே ஸ்லிப் கேட்பாங்க, வேலையே இல்லாத புள்ள எங்க போகும்? அக்கா போன பேங்க்ல அஞ்சு நிமிஷத்துல இல்லன்னுட்டாங்க, ஏன்னு ஒழுங்கா சொல்லக்கூட ஆள் இல்ல, அன்னிக்கு அக்கா முகத்த பார்க்க முடியல.

கிடைச்சாலும் கணக்கு போட்டு பாருங்க. 60,000 ராண்ட், 15 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா மாசம் 1,427 கிட்ட வரும். அதையே எட்டு வருஷமா இழுத்தா மாசம் 1,077தான், ஆனா மொத்தத்துல 17,700 ராண்ட் போல கூட கட்டணும், இதுல ஃபீஸ் சேர்க்கவே இல்ல. மாச தவணை குறையுதுன்னு சந்தோஷப்படுறவங்க இந்த ரெண்டாவது கணக்கை பார்க்குறதே இல்ல.

நிஜமாவே கட்ட முடியலன்னா டெட் ரிவ்யூன்னு (debt review) ஒண்ணு இருக்கு, கடனையெல்லாம் பார்த்து கட்டுற மாதிரி தவணையை மாத்தி அமைக்கிறது, நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டர்ல பதிவு பண்ணின டெட் கவுன்சிலர்கிட்டதான் போகணும், அது முடியற வரைக்கும் புதுக்கடன் வாங்க முடியாது. முக்கியமா, ஒரு லோனுக்காக கடன் குடுத்தவங்க கோர்ட்டுக்கு போயிட்டா அப்புறம் அந்த லோனை டெட் ரிவ்யூல சேர்க்க முடியாது, அதனால லெட்டர் வந்தா டின்ல போட்டு மூடாம அன்னிக்கே யாரையாவது கேளுங்கன்னு அக்காகிட்ட சொன்னேன், உங்க வாசகர்களுக்கும் அதையேதான் சொல்றேன். என்எஸ்ஃபாஸ்ல (இங்க கவர்மெண்ட் மாணவர்களுக்கு பண உதவி பண்ற திட்டம்) பழைய லோன் வாங்கினவங்க விஷயம் வேற, வருஷ வருமானம் 30,000 ராண்ட் வந்த பிறகுதான் திருப்பிக் கட்டணும்.

இன்னொரு வாட்டி இந்த மாதிரி செய்தி போட்டா எந்த நாட்டு சட்டம்னு தலைப்புலயே போடுங்க ஐயா, இங்க உங்க பேப்பர்ல வந்தா அப்படியே நம்பிடுறாங்க.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசகி