அக்குபங்சர் சிகிச்சையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. இலவச சிகிச்சை முகாம்கள் இரண்டு நடைபெற்றன. ஆயுத பூசை வழக்கம்போல் கொண்டாடப்பட்டது.

சென்ற பொதுக்குழுவில் "இது நமக்கு எதற்கு?" என்று கேட்கப்பட்ட பாடப் பகிர்வுப் பணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. பினாங்கில் சீன மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் கொழும்பு நண்பர்கள் இருவரும் நம்மோடு சேர்ந்து, அவரவர் பாடக்குறிப்புகளையும் செய்முறைக் காணொளிகளையும் இணையத்தில் ஒரே இடத்தில் சேமித்து வருகிறோம். யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். ஆக்கியவர் பெயரை நீக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

தமிழாக்கினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பினாங்கின் பழைய பாடமொன்றில் முதுகுவலிக்கு யூபி 54 (சிறுநீர்ப்பை நாளம் எனப்படும் ஊசிப்புள்ளி வரிசையின் 54ஆம் புள்ளி) என்றிருந்தது. நம் சுவர்ப்படத்தில் அந்த எண் பிட்டத்தில் உள்ள ஜிபியன் புள்ளி. அவர் குறித்ததோ முழங்காலின் பின்மடிப்பு நடுவில் உள்ள வெய்ஜோங், அதாவது நாம் யூபி 40 என்று ஊசியிடும் இடம். சிறுநீர்ப்பை நாளத்தில் 35 வரை சிக்கலில்லை, 55 முதலும் சிக்கலில்லை. முதுகின் வெளி வரிசையை முதலில் எண்ணுவதா, தொடையை முதலில் எண்ணுவதா என்பதில் பழைய முறையும் புதிய முறையும் வேறுபடுவதால், இடைப்பட்ட 19 புள்ளிகளுக்கும் எண் மாறிவிடுகிறது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 361 புள்ளிகளின் வரையறையையே எல்லாப் பாடங்களுக்கும் கொண்டோம். அதிலும் ஆறு புள்ளிகளின் இடம் குறித்து நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு நீடித்ததால், உள்ளங்கையின் லாவோகோங் போன்றவற்றுக்கு இரண்டு இடங்களையும் காட்டியுள்ளோம்.

வியாழன்தோறும் நம் நேரம் இரவு 7.30 மணிக்கு இணையவழிக் கூட்டம் நடந்தது. பினாங்கில் அப்போது இரவு 10 மணி. அந்தப் பெரியவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தம் முழங்காலையே கேமரா முன் மடக்கிக் காட்டிய அன்று, நம் பக்கத்தில் இருந்தவர்கள் என்னையும் சேர்த்து மூவர். தமிழ்க் குரல் சேர்த்த 14 பாடங்களில் ஒன்பதுக்கு என் தொண்டைதான் வேலை செய்தது. மற்ற ஐந்தைப் பேசித் தந்த இணைச் செயலாளருக்கு நன்றி. படங்களில் ஆசிரியர் பெயரை அழித்துத் தம் கிளினிக் முத்திரையை இட்டு அச்சடித்தவர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை, அவருக்கே தெரியும்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக உள்ளன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. 62 உறுப்பினர்களில் 27 பேர் சந்தா செலுத்தியுள்ளனர். பாடங்களின் இணைப்பை அடிக்கடி கேட்டு வாங்கியவர்களில் பலர் அந்த 27 பேரில் இல்லை.

இடவசதி தந்த மண்டப உரிமையாளருக்கும் கணக்கைச் சரிபார்த்தவருக்கும் நன்றி. வரும் ஆண்டு இப்பொறுப்பைப் புதியவர் ஏற்பதில் எனக்கு மகிழ்ச்சியே. இணையச் சேமிப்பகக் கட்டணம் இதுவரை என் சொந்த அட்டையில் போகிறது. அடுத்த தவணை தை மாதத்தில் வருகிறது.

செயலாளர்