விட்ட இடத்தில் கேட்கும் பேஸ்

அன்பு மகளுக்கு,

நலம். அம்மாவும் நலம். நீ அனுப்பிய பதிவை நாலைந்து தடவை கேட்டுவிட்டேன். சுருதி சுத்தம், விரலும் ஓடுகிறது. ஆனால் கூடவே நீ எழுதியிருந்த வரிதான் மனதில் நின்றது: "ஜோ பாஸ் வாசிச்சா மூணு பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்குப்பா. நான் வாசிச்சா ஒரே ஆள் மூணு மூட்டை தூக்குற மாதிரி இருக்கு." அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு படி.

குறை உன் விரலில் இல்லை அம்மா. அடியில் நடக்கும் பேஸ், சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்ட், மேலே பாடும் மெலடி மூன்றையும் எல்லா நேரமும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கப் பார்க்கிறாய். ஜாஸ் கிட்டார் மேதை ஜோ பாஸோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாசிக்கிறார், மிஞ்சினால் இரண்டு. மூன்றும் ஒன்றாக ஒலிப்பது ஒரு பிடியின் தொடக்கத்திலோ முடிவிலோ சில கணம்தான். மீதியை நம் காது தானே நிரப்பிக்கொள்கிறது. தனிக் கிட்டாரில் மனோதர்மம் என்றால் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எந்த இடத்தில் விடுவது என்பதுதான் பெரிய வேலை.

1973-ல் பாப்லோ இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த 'வெர்ச்சுவோசோ' தட்டை எடு. அப்போது அவருக்கு 44 வயது. பக்கவாத்தியம் கிடையாது, ஒரே கிட்டார். ஏதாவது ஒரு பாட்டின் முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கொள். தாளில் மூன்று பத்தி போட்டு, பேஸ் கேட்கும்போது ஒன்றில் கோடு, கார்ட் கேட்கும்போது அடுத்ததில், மெலடி கேட்கும்போது மூன்றாவதில் என்று குறித்துக்கொண்டே போ. மூன்று பத்தியிலும் ஒரே நேரத்தில் கோடு விழும் இடங்களை எண்ணிப் பார். அதன் பிறகு அதே ஆண்டு அவர் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வாசித்த 'டேக் லவ் ஈஸி' கேள். பாட்டுக்காரர் மெலடியைத் தூக்கிக்கொண்டதும் இவர் கை எவ்வளவு குறைத்துக்கொள்கிறது என்று தெரியும்.

கிட்டாரின் உடம்பே இப்படித்தான் கேட்கிறது. பியானோக்காரருக்குப் பத்து விரல், மிதி வேறு. நமக்கு இடது கையில் நாலு விரல். கம்பியை அழுத்தியிருக்கும்வரைதான் ஸ்வரம் உயிரோடு இருக்கும், விரல் எடுத்த அடுத்த கணம் செத்துவிடும். கச்சேரியில் பாடகர் நிறுத்தினால் தம்புரா தாங்குகிறது, மிருதங்கம் கணக்கைச் சுமக்கிறது. இங்கே அந்த இரண்டும் கிடையாது. அதனால் ஒரு கார்டை முழுசாகப் பிடிப்பதற்கு முன், அதில் எந்த ஸ்வரம் இல்லாவிட்டால் கேட்பவர் ஏமாந்துபோவார் என்று யோசி. அதை மட்டும் பிடி.

பெரும்பாலும் அது இரண்டே ஸ்வரம், கார்டின் அடி ஸ்வரமான ரூட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவதும் ஏழாவதும். ரூட் இல்லாவிட்டாலும் காது பொறுத்துக்கொள்ளும். மேஜரா மைனரா, எங்கே போகப் போகிறது என்று சொல்வது இந்த இரண்டும்தான். ஜோசஃப் கோஸ்மா 1945-ல் அமைத்த 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டை இ மைனரில் வைத்துக்கொள். முதல் எட்டு பார் (பாருக்கு நாலு அடி): ஏ மைனர் செவன், டி செவன், ஜி மேஜர் செவன், சி மேஜர் செவன், எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்ட், பி செவன், பிறகு இரண்டு பார் இ மைனர்.

மெல்லிய கம்பியை ஒன்று என்று எண்ணி, நாலாம் கம்பியும் மூன்றாம் கம்பியும் மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கடந்து போகலாம். ஏ மைனர் செவனுக்கு இரண்டிலும் ஐந்தாம் ஃபிரெட், அதாவது கழுத்தில் ஐந்தாவது கட்டம். டி செவனுக்கு நாலாம் கம்பியில் மட்டும் ஒரு ஃபிரெட் இறங்கு, மூன்றாம் கம்பி அப்படியே இருக்கட்டும். ஜி மேஜர் செவனுக்கு இப்போது மூன்றாம் கம்பி ஒரு ஃபிரெட் இறங்கும், நாலாம் கம்பி நிற்கும். இரண்டுமே நாலாம் ஃபிரெட்டில் இருக்கும். சி மேஜர் செவனுக்கு நாலாம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டுக்குப் போகும். எஃப் ஷார்ப்புக்கு மூன்றாம் கம்பியும் இரண்டுக்கு வரும். பி செவனுக்கு நாலாம் கம்பி ஒன்றுக்கு. கடைசி இ மைனருக்கு இரண்டு கம்பியையும் வெறுமனே விட்டுவிடு. ஒரு கம்பி நகரும்போது இன்னொன்று காத்திருக்கிறது பார், மாடிப்படியில் இரண்டு பேர் மாறி மாறி இறங்குகிற மாதிரி. இந்த இரண்டு கம்பியை மட்டும் ஒரு வாரம், நாளைக்குப் பத்து நிமிஷம் வாசி. வேறெதையும் சேர்க்காதே. கண்ணை மூடிக்கொண்டு வரவேண்டும்.

இப்போது மெலடி. இதில் எனக்கு அலுக்கவே அலுக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மெலடி மூன்று ஸ்வரம் ஏறி, ஒரு தாவு தாவி, நீண்ட ஸ்வரத்தில் உட்காரும். இதையே நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி கீழே செய்யும். உட்காரும் இடங்கள் சி, பி, ஏ, ஜி. முதல் கம்பியில் 8, 7, 5, 3-ஆம் ஃபிரெட். நாலும் அந்தந்த பாரின் கார்டுக்கு மூன்றாவது ஸ்வரம். முதலில் உட்கார்ந்த சி ஸ்வரம் டி செவன் கார்ட் வரும்வரை நீள்கிறது. அங்கே அது ஏழாவதாக மாறிவிடுகிறது. அதே பாரில் மெலடி டி, இ, எஃப் ஷார்ப் என்று ஏறுகிறது, அந்த எஃப் ஷார்ப்தான் டி செவனின் மூன்றாவது. ஆக டி செவனைச் சொல்லும் இரண்டு ஸ்வரமும் மெலடிக்குள்ளேயே இருக்கின்றன. நீ உன் பதிவில் அந்த இடத்தில் ஐந்தாம் ஃபிரெட்டில் முழு கார்டைப் பிடித்து, பிறகு எஃப் ஷார்ப்புக்கு இரண்டாம் ஃபிரெட்டுக்குக் கை எட்டாமல் தாளத்தை விட்டாய். கார்டே வேண்டாம். நாலாம் கம்பியை வெறுமனே கட்டைவிரலால் தட்டு, மெலடி தானாகப் போகட்டும். டி செவன் முழுசாகக் கேட்கும்.

அடுத்த பார் இன்னும் நல்ல பாடம். ஜி மேஜர் செவனின் ரூட் ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட், மெலடியின் பி முதல் கம்பி ஏழாம் ஃபிரெட். நடுவில் இரண்டு கம்பியும் நாலாம் ஃபிரெட்டில். இதை ஒரே பிடியாகப் பிடிக்க நினைத்தால் சுண்டுவிரல் இழுக்கும், மணிக்கட்டு மடங்கும், மறுநாள் வலிக்கும். ரூட்டை முதல் அடியில் தட்டி உடனே விட்டுவிட்டு, கையை மேலே கொண்டுபோய் பி-யை வைத்து, உள்ளே இருக்கும் இரண்டு ஸ்வரத்தை இரண்டாம் அடியில் மெதுவாகத் தொடு. ரூட் நின்று அரை விநாடி ஆகியிருக்கும். ஆனால் கேட்பவருக்கு அது இன்னும் அங்கேயே இருக்கிறது. பாடல் தொடங்குகையில் ஏ மைனர் செவனில் மட்டும் ஆள்காட்டி விரலை ஐந்தாம் ஃபிரெட்டில் எல்லாக் கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து, சுண்டுவிரலை எட்டில் வைத்தால் எல்லாம் சேர்ந்து பிடிபடும். அங்கே தாராளமாகப் பிடி, தொடக்கம் நிறைவாக இருக்கட்டும்.

பேஸ் நடப்பது தனி வேலை. ஒரு பாரில் நாலு அடி, அடிக்கு ஒரு ஸ்வரம். விதி ஒன்றுதான்: நாலாவது அடி அடுத்த கார்டின் ரூட்டுக்கு ஒரு ஃபிரெட் மேலேயோ கீழேயோ இருக்கட்டும். ஏ மைனருக்கு ஐந்தாம் கம்பியில் வெறும் கம்பி, 2, 3, 4. அடுத்தது நாலாம் கம்பி வெறுமனே, அதுதான் டி. டி செவனுக்கு அந்த டி, ஐந்தாம் கம்பி மூன்று, ஐந்தாம் கம்பி வெறும், ஆறாம் கம்பி நாலு. பிறகு ஆறாம் கம்பி மூன்றில் ஜி வந்து விழும். கட்டைவிரல் மட்டும் வாசிக்கட்டும். இது ஓடும்போது மேலே கார்டை எல்லா அடியிலும் போடாதே. இரண்டாம் அடிக்குப் பின்னால் ஒரு சின்னக் குத்து போதும். பாருக்கு ஒன்று, இரண்டு பாருக்கு ஒன்று என்றாலும் சரி.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோநோமை நிமிஷத்துக்கு 30 தட்டில் வைத்து, அந்தத் தட்டு 2, 4-ஆம் அடியில் விழுவதாக எண்ணிக்கொள். அப்போது வேகம் நிமிஷத்துக்கு 60 அடி. இந்தப் பாட்டு எட்டு எட்டாக 32 பார், மொத்தம் 128 அடி, ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிஷம் எட்டு விநாடி. இந்த வேகத்தில் ஒளிய இடமே இருக்காது. எங்கே அவசரப்படுகிறாய் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். உன் பதிவில் பேஸ் நின்று தனி வரி வாசிக்கும் இடங்களில் எல்லாம் நீ முந்திவிடுகிறாய். பலருக்கும் வருகிற தப்புதான். கட்டைவிரல் சும்மா இருந்தால் மனசு அந்த வெற்றிடத்தைப் பொறுக்காமல் அடுத்த பாருக்கு ஓடுகிறது. கால் தட்டிக்கொண்டே இரு. வெற்றிடமும் கணக்கில் உள்ள அடிதான்.

மெலடியை விட்டு வெளியே போவதற்கு ஸ்கேலைத் தேடி ஓடாதே. உட்காரும் நாலு ஸ்வரத்தை வைத்துக்கொள், அதற்கு வரும் மூன்று ஸ்வரத்தை மட்டும் மாற்று. சி-க்கு வர முதல் கம்பியில் 5, 6, 7 என்று ஊர்ந்து எட்டில் உட்கார். அடுத்த பி-க்கு மேலிருந்து 10, 9, 8 என்று இறங்கி ஏழில் உட்கார். இப்படி ஒரு சுற்று. அடுத்த சுற்றில் மூன்று ஸ்வரத்தின் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்காரும் இடத்தை மாற்று. கேட்பவருக்குப் பாட்டு எங்கோ பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். நீண்ட ஸ்வரம் ஒலிக்கும் நேரம்தான் உனக்குக் கார்டும் பேஸும் வைக்கக் கிடைக்கும் நேரம். மெலடி ஒன்று சொல்லட்டும், கீழே பதில் வரட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக் கூச்சல்தான் மிஞ்சும்.

தப்பு ஸ்வரம் விழுந்தால் கையை உதறி நிறுத்துகிறாய். வேண்டாம். ஏழு ஸ்வர ஸ்கேலுக்கு வெளியே எந்த ஸ்வரம் விழுந்தாலும் சரியான ஸ்வரம் ஒரு ஃபிரெட் தள்ளித்தான் இருக்கும். அதே விரலால் சறுக்கிப் போய்ச் சேர். முடிந்தால் அதே பிடியை, அதே சறுக்கலோடு, அடுத்த பாரில் மறுபடி வாசி. வேண்டுமென்றே செய்தது போல ஆகிவிடும்.

வலது கையில் ஒன்று பார்க்கவேண்டும். கட்டைவிரல் இயல்பாகவே பலமானது, தடித்த கம்பி இயல்பாகவே சத்தமானது. இரண்டும் சேர்ந்து உன் மெலடியை மூடிவிடுகின்றன. கட்டைவிரலைக் கம்பியின் பக்கவாட்டில் சதையால் தொடு, நகத்தால் வேண்டாம். மெலடி விரலுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தம் கொடு. இடது கையில் அடுத்த கார்டுக்குப் போகும் அவசரத்தில் மெலடி விரலை முதலில் எடுக்கிறாய், அதனால் நீண்ட ஸ்வரமெல்லாம் பாதியில் அறுந்துபோகிறது. எடுக்கும் வரிசையை மாற்று: பேஸ் விரல் முதலில், நடு விரல்கள் அடுத்து, மெலடி விரல் கடைசியில்.

ஜோ பாஸ் மெதுவான பாட்டுகளில் தாளமில்லாமல் தொடங்கி, நடுவில் நடையைப் பிடிப்பார். நம் ஆலாபனை மாதிரி இருக்கிறதே என்று நீ கேட்டிருந்தாய். பாதி சரி. தாளம் இல்லை, ஆனால் 32 பாரின் கார்ட் வரிசை கலையாமல் உள்ளே இருக்கிறது. ஆலாபனைக்கு ராகம் எல்லை என்றால் இங்கே அந்த வரிசைதான் எல்லை. அதைக்கூட வேண்டாம் என்று சொன்ன ஷெஃபீல்டுக்காரர் டெரெக் பெய்லியின் தனிக் கிட்டாரை இன்னொரு நாள் கேள். அது வேறு உலகம், இதற்குப் பிறகு போகலாம். ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை இப்போதே கேட்கலாம். 1928-ல் அவர் தங்கியிருந்த வண்டியில் தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல் மடங்கிப்போயின. 1937-ல் துணையில்லாமல் அவர் வாசித்த பதிவுகளைக் கேட்டால், கார்டை எவ்வளவு சுருக்கினாலும் அது கார்டாகவே நிற்கும் என்பது புரியும்.

முடிக்கத் தெரியாமல் திணறுகிறாய் என்று சொன்னாய். கடைசி நாலு பாரை மூன்று தடவை வாசி, மூன்றாவது தடவை வேகத்தைத் தளர்த்தி இறக்கு. மிருதங்கத்தில் தீர்மானம் மூன்று தடவை வருவது போலத்தான். கேட்பவர் இரண்டாவது தடவையிலேயே முடியப் போகிறது என்று தயாராகிவிடுவார். கடைசி இ மைனரில் எல்லா கம்பியையும் அடிக்காதே. ஆறாம் கம்பியும் முதல் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டும் போதும்.

கம்பி மாற்றும்போது 12-ல் (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன்) தொடங்கும் ஃபிளாட்வௌண்ட் செட், அதாவது தட்டையான இழை சுற்றிய கம்பி, வாங்கு. விரல் சறுக்கும்போது கீச்சிடாது. மூன்றாம் கம்பியும் சுற்றப்பட்டதாக வரும், கார்டில் சுருதி நன்றாக நிற்கும்.

அடுத்த தடவை முழுப் பாட்டும் அனுப்பாதே. முதல் எட்டு பார் மட்டும், மூன்று பதிவு: ஒன்றில் நாலாம், மூன்றாம் கம்பி மட்டும், ஒன்றில் பேஸ் நடை மட்டும், ஒன்றில் மெலடியும், நீ விடத் துணிந்தது போக மிச்சமும். சனிக்கிழமை ராத்திரி கூப்பிடு, அதற்குள் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா