வரிப் பாடம் படிக்கிற வேளையில் கோமதிக்கு

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் நிம்மதியானது. படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் அம்மா கேட்கவா போகிறார்கள்? மொட்டை மாடியில் வடாம் காயப்போடக் கிளம்புவார்கள். இந்த ஆண்டு நீதான் தடுத்து நிறுத்த வேண்டும். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். அவன் மேஜை இப்போது என்னுடையது.

உன் மகள் பி.காம். முடித்த கையோடு அமெரிக்கக் கணக்காளர் தகுதித் தேர்வான சி.பி.ஏ. எழுத நினைக்கிறாள், அதில் வரிப் பகுதி எப்படியிருக்கும் என்று கேட்டிருந்தாய். நானே இப்போது அதில்தான் மூழ்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியிலிருந்து தணிக்கை, நிதிக் கணக்கியல், வரியும் சட்டமும் ஆகிய மூன்று தாள்கள் கட்டாயம். நான்காவதை வேறு மூன்று தாள்களிலிருந்து ஒன்றாக நாமே தேர்ந்துகொள்ளலாம். வரியும் சட்டமும் சேர்ந்த தாளை இங்கே எல்லோரும் ‘ரெக்’ (ரெகுலேஷன் என்பதன் சுருக்கம்) என்றுதான் சொல்கிறார்கள். நான்கு மணி நேரம். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 72, சிமுலேஷன் எனப்படும் செய்முறைக் கணக்குகள் 8. மதிப்பெண் இரண்டுக்கும் பாதிப் பாதி. 75 வாங்கினால் தேர்ச்சி. 2024இல் இந்தத் தாளை எழுதியவர்களில் ஐந்துக்கு மூன்று பேர் தேறினார்கள். நிதிக் கணக்கியலில் ஐந்துக்கு இரண்டு பேர்தான். ஆகவே பயப்பட வேண்டாம் என்று அவளிடம் சொல்.

ஆனால் இது மனப்பாடத் தாள் என்று யாராவது அவளிடம் சொன்னால் நம்ப வேண்டாம். பயிற்சி நிறுவனங்கள் வரம்புத் தொகைகளையும் விதிகளையும் முதலெழுத்துச் சூத்திரங்களாகக் கட்டிக் கொடுக்கின்றன. பத்துப் பதினைந்து விதி வரை அது உதவும். பிறகு ஒன்றோடு ஒன்று குழம்பிவிடும். விதி எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் மட்டுமே அது மனதில் தங்குகிறது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: இந்தத் தாளில் பாதிக்கு மேல் அடக்க விலை என்ற ஒரே கேள்விதான். ஒரு சொத்து உன் கைக்கு எந்த விலையில் வந்ததாகச் சட்டம் கருதுகிறது? அதற்கு விடை தெரிந்தால் ஆதாயம், தேய்மானம், பங்குதாரரின் நஷ்டம் எல்லாம் பின்னால் தானாக வரும்.

ஒரு சின்னக் கணக்கு பார். அப்பா 10,000 டாலருக்கு வாங்கிய பங்கின் விலை 6,000 ஆக இறங்கியபோது அதை மகனுக்குத் தானமாகக் கொடுக்கிறார். மகன் 12,000க்கு விற்றால் 2,000 ஆதாயம். அப்பாவின் விலைதான் மகனுக்கும். 5,000க்கு விற்றால் 1,000 மட்டுமே நஷ்டம், ஏனென்றால் நஷ்டத்துக்கு 6,000தான் அடக்க விலை. 8,000க்கு விற்றால் ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை. முதல் முறை படிக்கிறபோது இது வீண் சிக்கலாகத் தெரியும். அப்பாவுக்கு வந்த நஷ்டத்தை, வரி அதிகம் கட்டுகிற மகனின் கணக்கில் தள்ளிவிடாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று புரிந்த பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

பரம்பரையாக வருகிற சொத்துக்கு இங்கே வேறு நியாயம். இறந்த நாளின் சந்தை விலையே வாரிசுக்கு அடக்க விலை. இதை நான் புத்தகத்தில் கற்றதைவிட, வருமானம் குறைந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் தொண்டர்கள் இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ‘விட்டா’ முகாமில் கற்றதுதான் அதிகம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை சனிக்கிழமைகளில் அங்கே போகிறேன். இந்த ஆண்டு ஓர் அம்மையார் வந்தார். அடையாளம் எதுவும் எழுத மாட்டேன், எண்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். வாடிக்கையாளரின் விவரத்தைக் காப்பதும் இந்தத் தாளில் ஒரு பாடம். கணவரும் அவரும் சேர்ந்து 1,80,000 டாலருக்கு வாங்கிய வீடு. கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். அப்போது வீட்டின் மதிப்பு 5,60,000. இப்போது 6,00,000க்கு விற்றிருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் உறையில் விற்பனைப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், பழைய மதிப்பீட்டு அறிக்கை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். 4,20,000 லாபம், அதில் குடியிருந்த வீட்டுக்கு 2,50,000 வரைதான் விலக்கு, மீதி 1,70,000க்கு வரி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விற்றிருந்தால் 5,00,000 வரை விலக்கு. அந்தக் கெடுவும் போய்விட்டது.

நாங்கள் கணக்கைப் போட்டோம். அவருடைய பாதி 90,000. கணவரின் பாதி, இறந்த நாள் மதிப்பில் 2,80,000. ஆக அடக்க விலை 3,70,000, ஆதாயம் 2,30,000. விலக்கு வரம்புக்குள் வந்துவிட்டது, வரி ஒரு டாலர்கூட இல்லை. அவர் மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு, “இதை அப்போதே தூக்கிப் போட இருந்தேன்” என்றார். கோமதி, வரிச் சட்டம் படிப்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்று எனக்கு அன்று தோன்றியதுபோல் இதற்கு முன் தோன்றியதில்லை.

அதே அம்மையார் மதுரையில் உன் அலுவலகத்துக்கு வந்திருந்தால்? கணவர் வாங்கிய விலைதானே மனைவிக்கும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்தென்றால் அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எந்த ஏற்பாடு நியாயமானது என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை. விதவைக்கு இங்கே நிம்மதி. ஆனால் பெரிய செல்வந்தர் வீட்டிலும் வாழ்நாள் முழுவதும் சேர்ந்த ஆதாயம் வருமான வரியே இல்லாமல் வாரிசுக்குப் போய்விடுகிறது. நம் ஊரில் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான எஸ்டேட் வரியை 1985இலேயே எடுத்துவிட்டார்கள், ஆனால் பழைய விலை கூடவே வருகிறது. உன் கருத்தை எழுது.

சிமுலேஷன் கணக்குகள்தான் உன் மகளுக்குப் புதிதாக இருக்கும். திரையில் சம்பளச் சான்று, தரகரின் அறிக்கை, வாடிக்கையாளரின் மின்னஞ்சல், விவாகரத்து ஒப்பந்தம் எல்லாம் தனித்தனியாகத் திறக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பயிற்சி செய்த ஒன்றில், முன்னாள் கணவர் தரும் ஜீவனாம்சம் வருமானமா என்று கேள்வி. தொகை பெரிதாக எழுதியிருக்கும். விடையோ ஒப்பந்தத்தின் கடைசி வரியிலுள்ள தேதியில் இருக்கும். 2018 டிசம்பர் 31 வரை செய்த ஒப்பந்தம் என்றால் வாங்குகிறவருக்கு வருமானம், கொடுக்கிறவருக்குக் கழிவு. அதற்குப் பிறகு என்றால் இரண்டும் இல்லை. தாளை நிதானமாகப் படிக்கிறவருக்கே இந்தத் தேர்வு சாதகம்.

ஒப்பந்தச் சட்டம் வந்தபோது நம் இரண்டாம் ஆண்டு வகுப்பு நினைவுக்கு வந்தது. ஏற்புக் கடிதத்தைத் தபாலில் போட்டதும் முன்மொழிந்தவர் கட்டுப்படுவார், போட்டவரோ அது போய்ச் சேர்வதற்குள் தந்தி கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்று 1872 சட்டத்தை நமக்கு நடத்தினார்களே, இங்கே பொதுவாக அப்படியில்லை. தபாலில் போட்டவுடன் இருவருமே கட்டுப்பட்டவர்கள். உன் மகளுக்கு நம் ஊர்ச் சட்டம் பசுமையாக நினைவிருக்கும். இந்த மாதிரி இடங்களில் அதுவே இடறிவிடும். ஒரு நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்.

தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம், அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் தகுதி விதிகள் வேறு. மூன்றாண்டு பி.காம். எந்த மாநில வாரியத்துக்குப் போதும் என்று பார்த்த பிறகுதான் கட்டணம் கட்ட வேண்டும். கூடவே, அமெரிக்க நிறுவனங்களின் வரி வேலை செய்யும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஒரு பருவம் வேலை பார்க்கட்டும். உண்மையான படிவம் ஒன்றைத் தொட்ட பிறகு படிக்கிற படிப்பே வேறு.

உன் பக்கம் 1961 வருமான வரிச் சட்டம் போய்ப் புதிய சட்டம் ஏப்ரலில் வந்துவிட்டதே, 800க்கு மேல் இருந்த பிரிவுகள் 536 ஆகிவிட்டனவாமே. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய் ஒரே ‘வரி ஆண்டு’ என்றானதில் உன் வாடிக்கையாளர்களுக்குக் குழப்பம் குறைந்ததா? பழைய பிரிவு எண்களையெல்லாம் தூக்கத்தில்கூடச் சொல்வாயே நீ, இப்போது எப்படிச் சமாளிக்கிறாய்? விவரமாக எழுது. மகளை எனக்கு நேராகவே எழுதச் சொல். படிக்கும்போது எழும் சந்தேகங்களை அனுப்பட்டும், நானும் சேர்ந்து படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
வசந்தி