கண்ணுக்குள் ஓர் இழுபறி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை, கண்.

மாசிக் கடைசியில் ஓர் இரவு கொல்லைப் பக்கம் போனேன். இடது கண்ணோரம் மின்னல் வெட்டியது. வானத்திலோ நட்சத்திரங்கள். கண்ணைத் திருப்பும்போதெல்லாம் வெட்டியது. மறுநாள் பார்த்த டாக்டர், பார்வை நரம்பின் விளிம்பு வீங்கினாற்போல் இருக்கிறது, தலைக்குள் அழுத்தம் கூடினாலும் இப்படித் தெரியும் என்றார். கமலா அன்று சாப்பிடவில்லை. நான் வழக்கம்போல் மூன்று தோசை சாப்பிட்டேன்.

தஞ்சாவூரில் எடுத்த ஓசிடி ஸ்கேன்தான் உண்மையைச் சொன்னது. கண்ணின் உட்புறத்தை ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஸ்கேன் அது. கண்ணுக்குள் விட்ரியஸ் என்றொரு கூழ் நிறைந்திருக்கிறது. 98 சதவீதம் தண்ணீர். வயதானால் அது நீர்த்து, சுருங்கி, விழித்திரையை விட்டுக் கழன்றுவிடும். பலருக்கு நடந்ததே தெரியாது. பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் வட்டம்தான், பிடி கெட்டியாக இருக்குமாம். நுங்கு உரிக்கும்போது கடைசித் தோல் சதையையும் கிள்ளிக்கொண்டு வருமே, அதே கதை. இழுத்த இழுப்பில் விளிம்பு மேடாகி, பக்கத்தில் ஒரு துளி ரத்தமும் கசிந்திருந்தது. விழித்திரைக்கு வலி தெரியாது; இழுத்தால் வெளிச்சம் என்று மட்டுமே சொல்லும். இந்த ஸ்கேன் 1991இல்தான் உலகுக்கு அறிமுகமானதாம். நம் அப்பாக்களுக்கு வந்திருந்தால் டாக்டர்கள் தலையைத்தான் குடைந்திருப்பார்கள்.

சொட்டு மருந்து எதுவும் இல்லை. இழுப்பு மோசமானால் கூழை அகற்றும் அறுவை உண்டு, இப்போதைக்குக் காத்திருங்கள் என்றார்கள். போன வாரம் தானாகவே விட்டுவிட்டது. மின்னல் நின்றது. நரம்பின் விளிம்பிலிருந்து பெயர்ந்த திசு வளையமாக மிதக்கிறது. வைஸ் வளையம் என்று பெயர். படிக்கும்போது வரிமேல் வந்து நின்று ஒற்றுப்பிழையைச் சுழித்துக் காட்டுவதுபோல் இருக்கிறது. முப்பது வருடம் மாணவர்களின் தாளில் நான் போட்ட சுழியெல்லாம் திரும்பி வந்துவிட்டது போலும்.

நீ மைனஸ் எட்டுக் கண்ணாடிக்காரன். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இது சீக்கிரமே வரும். விழித்திரை கிழியும் ஆபத்தும் அதிகம். திடீரெனக் கரும்புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்கினாற்போல் நிழல் விழுந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போ. பையனையும் கூட்டிக்கொள். கண்ணின் பாப்பாவை விரிக்க மருந்து விட்ட பிறகு, கண்கூச்சத்தில் போர்டு தெரியாமல் கும்பகோணம் பஸ் என்று திருவாரூர் பஸ்ஸில் ஏறி, அம்மாபேட்டையில் இறங்கி நின்றேன்.

அன்புடன்,
ராமு