மூச்சு வாங்கும் இடம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். மறுநாள் நம் பாடகர் குழுவின் இணையவழி ஒத்திகை இருந்ததால், அதில் கலந்துகொண்ட பிறகே எழுதலாம் என்று நிறுத்தி வைத்தேன். உயர்ந்த ஆண்குரல்களான டெனர் பிரிவுக்கு நீயே பொறுப்பேற்றிருக்கிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்துபோனது. அந்தப் பொறுப்பு உன்னிடம் எப்போதோ வந்திருக்க வேண்டும்.

படிக்க வந்த முதல் ஆண்டு முழுவதும் நம் பழைய ஒலிப்பதிவுகளை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் படிப்பில் மனம் நிற்காது என்ற அச்சமே காரணம். நீ விடாமல் எழுதியிராவிட்டால் இந்த ஆண்டும் அப்படியே போயிருக்கும்.

உங்களுக்கு மாலை, எனக்கு விடியற்காலை. விடுதியில் அடுத்த அறைக்காரரின் தூக்கம் கெடக்கூடாது என்பதால், போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு முணுமுணுப்பாகத்தான் பாடினேன். நடத்துநர் கையை உயர்த்தியதும் பழைய பழக்கத்தில் எல்லோரும் ஒன்றாக எடுத்தோம். முதல் வரி முடிவதற்குள் நான்கு குரல் பிரிவுகளும் நான்கு பக்கம் சிதறிவிட்டன. காற்றில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. இணையம் 150 மில்லி வினாடி தாமதித்தாலே, நாம் ஒருவருக்கொருவர் 50 மீட்டர் தள்ளி நின்று பாடுவதற்குச் சமம். அந்தத் தொலைவில் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கக் காத்திருக்க, தாளம் இழுபட்டுக்கொண்டே போகும். ஆகவே ஒலிவாங்கிகளை அணைத்துவிட்டு, அவரவர் அறையில் அவரவர் குரலை மட்டும் கேட்டுப் பாடினோம். திரையில் உன் வாய் அசைவதைப் பார்த்தபடி, உன் குரல் கேட்காமல் பாடியது எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அதன் பிறகுதான் தனித்தனியே பதிவு செய்து ஒன்றுசேர்ப்பது என்று முடிவாயிற்று. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010-இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரின் குரல்களை இவ்வாறு இணைத்துக் காட்டியதை நாம் வியந்து பார்த்தது உனக்கு நினைவிருக்கும். நேற்று பல்கலைக்கழகத்தில் காலியாக இருந்த பயிற்சி அறை ஒன்றில், காதில் வழிகாட்டி இசையோடு என் பாகத்தைப் பதிந்தேன். சுருதி நின்றது, தாளமும் நின்றது. ஆனால் இரண்டாம் பத்தியின் அந்த நீண்ட வரியில் பாதியிலேயே மூச்சு அறுந்துபோனது. ஐந்து முறை முயன்றும் அதே இடத்தில்தான் அறுந்தது.

பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் புரிந்தது. அந்த வரியை நான் ஒருபோதும் தனியாகப் பாடியதே இல்லை. நீ சொல்லின் நடுவே சத்தமில்லாமல் மூச்சு வாங்குவாய், அப்போது நான் தாங்கிப் பிடிப்பேன். நீ திரும்பி வந்ததும் நான் வாங்குவேன். கேட்பவருக்கு அது அறுபடாத ஒரே இழை. இத்தனை ஆண்டுகளாக அதை என் நுரையீரலின் வலிமை என்று நினைத்திருந்தேன். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல், சேர்ந்து பாடுபவர்களின் மூச்சு ஒழுங்குபடும்போது இதயத்துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார்கள். முன்பு அதைப் படித்தபோது ஒரு செய்தியாக மட்டுமே தோன்றியது. நேற்று அந்தக் காலி அறையில் அதை உடம்பால் உணர்ந்தேன்.

எனவே ஒரு வேண்டுகோள். உன் பாகத்தைப் பதிந்ததும், தொகுப்பவருக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு அனுப்பு. மூச்சுச் சத்தத்தை நீக்கிவிடாதே. நான் இடம் கண்டுகொள்ள அதுதான் வேண்டும். வழிகாட்டி இசைக்குப் பதிலாக உன் குரலைக் காதில் வைத்துக்கொண்டு அந்த வரியை மீண்டும் பாடப்போகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குப் பயிற்சி அறையைப் பதிவு செய்திருக்கிறேன். அதற்குள் அனுப்ப முடியுமா?

என்றும் அன்புடன்,
உன் பக்கத்தில் நின்று பாடியவன்